மற்றவை

மாவட்டத்திலிருந்து வந்த பதிவேட்டில்
பாம்புக்கு ஒரு கட்டம் உண்டு,
நாய்க்கு ஒன்று,
கண்ணிவெடிக்கும் ஒன்று.
மீனுக்கு இல்லை.

தனிந்தாரி ஆற்றின் மேல்பக்கம்
மழை ஐந்து மாதம் விடாத இந்தக் காட்டில்
மருந்துப்பெட்டி என்றால் நான்தான்.

இன்று விடியுமுன் வேம்புலி வந்தான்.
வேர்ச்சந்தில் கைவிட்டுத் துழாவியவனைத்
தேளி குத்தியிருந்தது.
கட்டைவிரலில் தொடங்கி அக்குள் வரை
பழுத்த கம்பி ஒன்றை யாரோ இழுக்கிறார்கள் என்றான்.
பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு
என் சுவர்க் காலண்டரைப் பார்த்து அழுதான்.

வெந்நீர்.
எவ்வளவு சூடு பொறுக்கும் என்று
வலிக்கிற கையிடம் கேட்கக் கூடாது,
நல்ல கையை முதலில் விடச் சொன்னேன்.
ஆற ஆற ஊற்றினேன்.
ஒரு மணி நேரம்
அடுப்புக்கும் அவனுக்கும் நடந்தேன்.
உள்ளே முறிந்து கிடந்த முள்ளை
எடுத்துத் துணியில் வைத்தால்
அரிசி நொய்யளவு.
"இதுக்கா?" என்றான். அவமானப்பட்டவன் போல.

போன மாதம் நோ பா வா.
இராத்திரி விளக்கோடு படகில் போனவள்.
வெளிச்சத்துக்குத் துள்ளிய முரல்
கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே
செருகி முறிந்தது.
மெர்குயிக்கு ஏழு மணி நேரம்.
மூக்கோடு சேர்த்துக் கட்டிய துணிக்குள்ளிருந்து
அவள் கேட்டது ஒன்றே ஒன்று:
வலை தண்ணியிலேயே கிடக்கு, யார் தூக்குவா?
கரையில் இருந்தவர்களில் ஒருவர்கூடப்
பதில் சொல்லவில்லை. எல்லாருக்கும் வலை இருந்தது.

பத்து நாள் கையை நனைக்காதே
என்று வேம்புலியிடம் சொன்னேன்.
தலையாட்டினான்.
பத்து நாள் அவன் வீட்டில் என்ன வேகும் என்று
நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
மத்தியானமே அவன் பெண்டாட்டி
இடுப்பளவு தண்ணீரில் நிற்பதைப் படித்துறையிலிருந்து பார்த்தேன்.
கூப்பிட வாய் வரவில்லை.

சாயங்காலம் அவள் ஒரு சட்டி கொண்டுவந்தாள்.
காசில்லை, இது இருக்கட்டும் என்றாள்.
மூடியைத் திறந்தால்
இரண்டு தேளி, மீசை இன்னும் அசைகிறது.
இதில் ஒன்று
அவரைக் குத்தினது என்றாள், சிரித்தாள்.

சாம்பலில் புரட்டி, குறடால்
முள்ளை நறுக்கும்போது வழுக்கியது.
ஆள்காட்டி விரல்.
இத்தனை வருஷம் பிறர் சொல்லக் கேட்டு
"தெரியும், தெரியும்" என்றிருக்கிறேன்.
தெரியாது.

இரவு, ஒரு கை வெந்நீரில் இருக்க,
பதிவேட்டைத் திறந்தேன்.
'மற்றவை' கட்டம் எப்போதோ நிறைந்துவிட்டது.
இடக்கையால் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
ஆறு போல வளைந்தது.
அதன் தலையில் எழுதினேன்: மீன்.
முதல் வரியில் வேம்புலி.
இரண்டாவதில் என் பெயரை எழுதப் போய்
அழித்துவிட்டு,
நோ பா வாவை எழுதினேன்.