மிகை வெயில்

ஞாயிறு காலை குறுஞ்செய்தி வந்தது:
கூரைச் சோலர் வைத்திருப்போர்
பின்னேரம் மூன்று மணிவரை அணைத்து வைக்கவும்.
வெயில் கூடிவிட்டதாம்,
வாங்க ஆளில்லையாம்.

கிளிநொச்சியில் வெயில் அதிகம் என்று
அரசாங்கம் எழுத்தில் தந்தது
இதுவே முதற்தடவை.
அச்செடுத்து, இலக்கம் போட்டு, கோவையில் இட்டேன்.

செவ்வாய் சபைக் கூட்டம்.
விடயம் ஆறு, கட்டாக்காலி மாடுகள்.
அதற்கே ஒன்றரை மணித்தியாலம்.
விடயம் ஏழு, நகரின் மின்சாரத்தை
வெயிலுக்கு மாற்றும் பத்தாண்டுத் திட்டம்.
நாங்கள் ஏழைத் தொட்டபோது
சோற்றுப் பொதிகள் வாசலுக்கு வந்திருந்தன.

மின்சார சபைப் பொறியியலாளர் வரைபடத்தை விரித்தார்.
பொன்னகர் மின்மாற்றி நிரம்பிவிட்டது,
இனி ஒரு கூரையையும் அது தாங்காது.
யாரால் நிரம்பியது?
அரிசி ஆலை, திருமண மண்டபம், இரண்டு வங்கிகள்,
கனடாக்காரர் பூட்டிவிட்டுப் போன மாடிவீடு.
முதலில் விண்ணப்பித்தவருக்கு முதலில்;
சுற்றறிக்கை அப்படி.
"வெயில் எல்லாருக்கும் பொதுதானே" என்றார் தவிசாளர்.
பதிந்துகொண்டேன்.

உறுப்பினர் இராசமலர் எழும்பினார்.
தன் வட்டாரத்தில் நூற்றிப்பதினாறு வீட்டுத்திட்ட வீடுகள்,
நல்ல ஓடு, தெற்குப் பார்த்த சாய்வு.
கடனுக்கு வங்கி காணி உறுதி கேட்கிறது.
சனத்திடம் இருப்பது அனுமதிப்பத்திரம்,
சிலரிடம் அதன் நிழற்பிரதி,
சிலரிடம் அது தொலைந்ததற்கான பொலிஸ் முறைப்பாடு.
"உறுதி தாறம் எண்டு
பதினைஞ்சு வருசமா உறுதி தாறியள்."
சிரித்தோம்.
சிரிப்பை அறிக்கையில் ஏற்றுவதில்லை.

பிறகு பிரேரணையை வாசித்தார்.
சந்தைக் கூரை சபையின் கூரை, அதில் தகடு.
அணைக்கச் சொல்கிற வெயிலைச் சேர்த்துவைக்க
பொதுவில் ஒரு பற்றறி.
இரவானால் அது பொன்னகர் ஒழுங்கைகளுக்கு.
கணக்கும் கட்டணமும்
அந்த நூற்றிப்பதினாறு வீட்டுச் சங்கத்திடம்.

பற்றறி என்றதும்
நிதிக்குழு யோகநாயகம் கண்ணாடியைக் கழற்றினார்.
"ரெண்டு பென்ரோச் பற்றறியோட
ஓமந்தையில பிடிபட்டு
ஒரு பகல் முழுக்க வெயிலுக்க நிண்டனான்."
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
"இது எவ்வளவு பெரிசு வரும்?"
லொறிப் பெட்டி அளவு, என்றார் பொறியியலாளர்.
"வாங்குவம்" என்றார் யோகநாயகம்,
விலையைக் கேட்காமலே.
நான் வேலைக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில்
அவர் விலை கேட்காத ஒரே சாமான்.

தவிசாளர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
"பாப்பம்."
கூட்டம் கலைந்தது. பொதிகள் ஆறியிருந்தன.

பாப்பம் என்பதை எந்தச் சொல்லில் எழுதுவது?
ஆராயப்படும் என்றால் அலுமாரிக்குப் போகும்.
கொள்கையளவில் ஏற்கப்பட்டது என்றாலும்
அதே அலுமாரி, மேல்தட்டு.
கந்தோர் வெறுமையான பிறகு
விசைப்பலகையில் கை வைத்தேன்.

தீர்மானிக்கப்பட்டது.
நடவடிக்கை: செயலாளர்.
முடிவு திகதி: மாசி 28.

அடுத்த மாதம் முதல் வேலையே
போன கூட்ட அறிக்கையை எடுப்பதுதான்.
ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார்.
யாரும் வாசிப்பதில்லை.
உறுதிப்படுத்துவார்கள்.