மூன்று விரற்கடை

ஊசி ஏற்ற எனக்கு ஒரே குத்து போதும்.
அதுதான் சிக்கல்.
வராத கையென்றால் எப்போதோ
கோத்தகிரி பஸ் ஏறியிருப்பேன்.

ஏழாம் படுக்கை லிங்கனுக்குப்
பக்கவாதம் பேச்சைக் கொண்டுபோய்விட்டது.
நேற்றிரவு இருபது நிமிடம்
ஒரு 'மா'வை வைத்துக்கொண்டு முட்டினார்.
மாத்திரையா? மாற்றிப் படுக்கணுமா?
தலையணையை அடித்தார்.
எட்டுக்கும் ஒன்பதுக்கும் பிரஷர் பார்க்கவில்லை என்று
ஸ்டெல்லா சிஸ்டர் சார்ட்டைத் தட்டியதும் நியாயம்தான்.

பேச்சுப் பயிற்சிப் படிப்பின் விண்ணப்பம்
நாலாக மடிந்து ஏப்ரன் பையில்.
மறுபடி முதலாம் ஆண்டு.
இந்த முதலாம் ஆண்டுக்கு அப்பா
தேயிலை சொசைட்டியில் வாங்கியதே
இன்னும் அடைபடவில்லை.
"உதவணும்னுதானே போன? இதுவும் உதவிதானே?"
போனில் கேட்டார்.
சிக்னலைக் குறை சொல்லி வைத்துவிட்டேன்.

விடிகாலை. ஜன்னலில் மூடுபனி;
குன்னூர் ஏற்றத்தில் லாரியொன்று
கியர் மாற்றி மாற்றி முனகுகிறது.
டிரிப் பார்க்கப் போன என்
முழங்கையைப் பிடித்தார் லிங்கன்.
மா. மா. மாதி.
பெயரா?
கண்ணை மூடித் திறந்தார்.

எட்டாம் படுக்கை இருமியது.
யார் மாதி என்று கேட்டபடி
ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டேன்.
பாட்டில் தீர
இன்னும் மூன்று விரற்கடை.