தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு

புதன்கிழமை பதினொரு மணிக்கு
முறத்தை மடியில் வைத்தபடியே
ரேடியோவைத் திருகுவோம்.
"இந்த வாரம் எவ்வளவு குறைச்சீங்க அக்கா?"
பாளையங்கோட்டையிலிருந்து அந்தப் பெண்
சிரித்துக்கொண்டே கேட்பாள்.
சோறு கையளவு என்பாள்.
யாரு கை என்று முப்பிடாதி கேட்டது
அவள் காதுக்கு எட்டியிருக்காது.
நிகழ்ச்சியை வழங்குவது
டவுனில் ஓர் அல்வாக் கடை.

ஆயிரம் பீடிக்கு உட்கார்ந்தால்
எழும்பும்போது இருட்டியிருக்கும்.
முதலில் பேச்சித்தங்கத்துக்குச் சர்க்கரை,
அப்புறம் எனக்கு.
எஸ்தருக்கு மூட்டு.
ஏழு பேர் சேர்ந்தோம்.
ராத்திரி எட்டரைக்குக் கால்வாய்க் கரையில்
சேலையைத் தூக்கிச் செருகிப்
பாலம் வரை போய்த் திரும்புவோம்.
"என்ன மயினி, ஊர்வலமா?" என்றவனிடம்
"ஆமா, கொடி பிடிக்க ஆள் இல்ல, வாரியா?"
என்றாள் செய்யதலி பாத்திமா.

ஞாயிறு எடை.
பீடிக் கடையில் இலைக்கட்டு நிறுக்கும் தராசு
அன்றைக்குச் சும்மா கிடக்கும்.
கடைப் பையனுக்கு ஒரு டீ,
செருப்பைக் கழற்று,
மூச்சை இழுத்துப் பிடி
(பிடித்தால் குறையுமாம்).

போன புதன் எனக்கு லைன் கிடைத்துவிட்டது.
அந்தக் குரல் "அக்கா" என்றதும்
வாய் தானாகச் சொன்னது:
மூணு கிலோ.
அவள் கைதட்டினாள்.
டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள்,
ஆலங்குளம் பஸ்ஸில் கேட்டிருக்கிறார்கள்,
என் வீட்டுக்காரர் ஒரு மாதிரிப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஞாயிறு ஏறி நின்றேன்.
தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு.
ஒரு மாதமாக அதே சிவப்பு எண்.
ஆறு பேரும் பார்த்தார்கள்.
ஃபேன் சத்தம் மட்டும்.

முப்பிடாதிதான் வாயைத் திறந்தாள்:
"ஏட்டி, இது கம்பெனி தராசுல்லா.
இலை போடும்போது ஒரு கிலோன்னு காட்டும்,
வீட்டுல கொண்டு போனா ஆயிரத்துக்குக் காணாது.
உன்னையும் அப்படித்தான் கூட்டிக் காட்டுது."

சிரித்தோம். சிரிப்பு நின்ற பிறகும்
எஸ்தர் சிரிக்கவில்லை.
வெளியே போய்
பலசரக்குக் கடையில் பிரிக்காத
ஐந்து கிலோ அரிசிப் பையோடு வந்தாள்.
தராசில் வைத்தாள்.
ஐந்து புள்ளி மூன்று.

கடைப் பையன் டீ கிளாஸைக்
கீழே வைத்துவிட்டு எங்கோ பார்த்தான்.
எத்தனை வருஷம் கைக்காசு போட்டு
இலை வாங்கி ஆயிரத்தை நிரப்பியிருப்போம்.
பேச்சித்தங்கம் விரலை மடக்கி மடக்கி
பாதியில் விட்டுவிட்டாள்.

இந்தப் புதன் மறுபடி லைன் கிடைத்தது.
"எவ்வளவு குறைஞ்சிருக்கு அக்கா?"
"நான் சொன்ன மூணு கிலோ பொய், தாயி.
அது கிடக்கட்டும்.
எங்க இலையில கம்பெனி குறைச்ச கணக்கு இருக்கு,
சொல்லட்டா?"
டொய்ங் என்றது.
அல்வா விளம்பரம் வந்தது.

ஊர் முழுக்க அந்த "சொல்லட்டா" வரை
கேட்டிருக்கிறது.

ராத்திரி எட்டரைக்குக் கால்வாய்க் கரைக்கு வந்தால்
பதினெட்டுப் பேர் நிற்கிறார்கள்.
பாதிப் பேரை எனக்கு யாரென்று தெரியவில்லை.
ஒருத்தி கையில் படிக்கல்.
பாலம் தாண்டியும் நடந்தோம்.
முழங்கால் வலித்தது,
யாரும் திரும்பலாம் என்று சொல்லவில்லை.