இரண்டு விநாடி

"சாவியைத் திருப்பு. முடுக்காதே" என்றேன்.
திருப்பினார் எவாரிஸ்தோ.
பின்னிருக்கையில் காதை வைத்துக் கிடந்தேன்.
ஒன்றுமில்லை.
வெளியே காற்று தகரக் கூரையைச்
சுரண்டிக்கொண்டிருந்தது.
கோபெர்னடோர் கோஸ்தாவில் அது எப்போதும் உண்டு,
கணக்கில் சேராது.

அறுபது கிலோமீட்டர், கப்பிச் சாலையில்,
கம்பளி லாரிக்குப் பின்னால் கயிற்றில் வந்த கங்கூ.
மடியில் புதுப் பம்ப், பெட்டி பிரிக்காமல்:
இரண்டு ஆடு விற்ற காசு.
"செத்துவிட்டது நெலிதா. மாற்றிவிடு."
போன குளிர்காலத்தில் எஸ்கெலில் ஒருவன்
இதையே சொல்லித்தான் ஒன்றை மாற்றியிருக்கிறான்.
ஒரே வண்டியில் இரண்டாவது சாவு.
இரண்டாவது சாவு என்றால்
நான் பிணத்தைப் பார்ப்பதில்லை,
வீட்டைப் பார்ப்பேன்.

ஃபியூஸ் முழுசாக இருந்தது.
பம்ப் ரிலேயைப் பிடுங்கி
ஹாரன் ரிலே இருந்த இடத்தில் செருகி அழுத்தினேன்.
தெருவே திரும்பியது.
எதிர்க் கடை நாய்
வெகுநேரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.
ரிலேயும் நல்லதுதான்.

இருக்கையைத் தூக்கினால்
ரொட்டிப் பொருக்கு, செல்லாத நாணயம்,
ஏதோ குழந்தையின் ஒற்றைக் கையுறை.
பம்பின் இணைப்பைக் கழற்றி
மீட்டர் முனைகளை நுழைத்தேன்.
"திருப்பு."
பன்னிரண்டு புள்ளி நான்கு.
"பார்த்தாயா! கரண்ட் வருகிறது,
பம்ப்தான், பம்ப்தான்!"
பெட்டியின் ஒட்டுநாடாவில் நகம் வைத்துவிட்டார்.

மீட்டர் பொய் சொல்வதில்லை.
அது கேட்கும் கேள்விதான் சின்னது.
வாசலில் நின்று
"யாராவது இருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்கும்.
கம்பியில் ஓர் இழை மிச்சமிருந்தாலும்
"இருக்கிறேன்" என்று குரல் வரும்.
மூட்டை தூக்க வருகிறாயா என்று
கேட்டால் அல்லவா தெரியும்.

அதற்கென்றே ஒரு பழைய முகப்பு விளக்கு வைத்திருக்கிறேன்,
இரண்டு ஒயர் பற்றவைத்து.
மீட்டர் இருந்த இடத்தில் அதை மாட்டி
"திருப்பு" என்றேன்.
கண்ணாடிக்குள்
ஒரு சிவப்புப் புழு நெளிந்து அணைந்தது.
ஒரு முனையை எடுத்து
கதவோரத்துத் தகரத்தில் வைத்து, மறுபடி:
கண் கூசியது.

போவதில் குறையில்லை.
திரும்பி வரும் வழியில்தான்.

கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டு
கம்பளத்துக்கு அடியில் போனேன்.
சக்கர வளைவின் ஓரம் எர்த் போல்ட்;
போல்ட் என்று சொல்லக் கூடாது,
பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்த ஒன்று.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
"உப்பு ஏற்றினாயா?"
"ஜூலையில். ஆடுகளுக்கு. முப்பது கட்டி."
சற்று யோசித்து,
"பனி உருகி ஊறியிருக்கும்..."
ஆட்டுக்கு வாங்கிய உப்பை
வண்டியும் நக்கியிருக்கிறது.

வெட்டினேன். உள்ளே செம்பு கறுத்திருந்தது.
இன்னொரு அங்குலம். இன்னும் கறுப்பு.
நாலாவது வெட்டில்தான் மினுக்கம்.
தகரத்தைத் தேய்த்து, புது முனை கடித்து,
முறுக்கி, கிரீஸ் தடவி
மறுபடி விளக்கை மாட்ட,
இருக்கைப் பள்ளத்தில் பகல்.
அதில் எவாரிஸ்தோவின் மூன்று நாள் தாடி.
"அப்படியானால்
எஸ்கெலில் கழற்றிப் போட்டானே, அந்தப் பம்ப்..."
நான் சாவியைக் காட்டினேன்.

திருப்பினார்.
ம்ம்ம்ம் என்றது அடியில்,
பிறகு நின்றது.
"போச்சு! மறுபடியும் நின்றுவிட்டது!"
"நிற்கத்தான் வேண்டும்.
இரண்டு விநாடி. எஞ்சின் ஓடாவிட்டால்
அதற்கு மேல் ஊற்றாது.
இப்போது முடுக்கு."

ஒரு முனை, ஒரு மணி நேரக் கூலி.
காசோடு இரண்டு ரொட்டியும் வைத்துவிட்டுப் போனார்,
பிரிக்காத பெட்டியை முன்னிருக்கையில் வைத்து
பெல்ட் போட்டு.
கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான்,
எனக்குத் தெரியும்.
நாடாவில் நகம் பட்டிருக்கிறது.