வெள்ளி, ஏழாம் பிரிவேளை

கால அட்டவணையில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு.
வெள்ளிக்கிழமை, ஏழாம் பிரிவேளை,
பச்சை மையில்: நீதிபோதனை.

நான் கணக்கு வாத்தியார்.
ஜூன் முதல் வாரமே அந்தக் கட்டத்தை எடுத்துக்கொண்டேன்.
கேட்டு எடுத்தேன் என்று சொல்ல முடியாது,
கேட்க ஆளில்லை.
அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, பரீட்சை இல்லை,
தேர்ச்சி விழுக்காட்டில்
ஒரு தசமப் புள்ளி அளவுகூட இடமில்லை.

குடியாத்தத்தின் மூன்று மணி வெயில்
கல்நார்க் கூரை வழியே உச்சந்தலையில் இறங்கும்.
அந்நேரத்தில்
'உண்மை பேசுக' என்பதைவிட
'காரணிப்படுத்துக' சுலபம்.
ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு, நாற்பத்து மூன்று பெண்கள்.
பாதிப்பேர் விடிகாலையில் ஐந்நூறு பீடி சுற்றிவிட்டு வருகிறவர்கள்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் வேலூரிலிருந்து தகவல்:
திங்களன்று ஆய்வு.
தலைமையாசிரியை பத்மாசனி அம்மா
கோப்பிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்,
"நீதிபோதனை நோட்டு எங்க சார்?"

பஜாரில் நாற்பத்து மூன்று நோட்டு வாங்கினோம்,
நாற்பது பக்கம், கோடு போட்டது,
பள்ளி வளர்ச்சி நிதியில்.
அந்த வெள்ளிக்கிழமை ஏழாம் பிரிவேளையில்
முதன்முறையாக
நீதிபோதனை நடந்தது.

கரும்பலகையில் தேதிகளை எழுதினேன்.
ஜூன் பதினான்கு, வாய்மை.
ஜூன் இருபத்தொன்று, நேர்மை.
ஜூலை ஐந்து, பிறர் பொருளை விரும்பாமை.
ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி.
நவம்பர் ஒன்றை எழுதியபோது
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:
"அன்னிக்கு தீபாவளிக்கு மறுநாள் சார், லீவு."
அழித்தேன்.
பொய்யில் பிழை இருக்கக் கூடாது.

"ஒரே பேனாவுல எழுதாதீங்கடி,
மாத்தி மாத்தி எழுதுங்க."
இதைச் சொன்னது நான் அல்ல.
சொல்லத்தான் வாயெடுத்தேன்,
அதற்குள் ஒருத்தி சொல்லிவிட்டாள்.
நீலம், கறுப்பு, மறுபடி நீலம்.
எட்டு மாதத்தை
நாற்பது நிமிடத்தில் கற்றுக்கொண்டார்கள்.
இவ்வளவு வேகமாக
என்னிடம் எதையும் இதுவரை கற்றதில்லை.

மூன்றாம் பெஞ்சு லோகிதா எழுந்தாள்.
"சார், வாய்மைக்கு என்ன தேதி போடணும்?"
வகுப்பு சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை.
பலகையைக் காட்டினேன், உட்கார்ந்தாள்.

மணி அடித்ததும் நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.
எல்லாம் எழுதியிருந்தாள்,
வாய்மை, நேர்மை, கடைசிப் பக்கத்துப் பொறுமைவரை,
அடித்தல் திருத்தல் இல்லாமல்.
தேதிப் பத்தி மட்டும் மேலிருந்து கீழ்வரை காலி.
"தேதிய நீங்களே போட்டுக்குங்க சார்."
மரியாதையாகத்தான் சொன்னாள்.

போட்டேன்.
ஆசிரியர் அறையில் மின்விசிறி இல்லாத மூலையில்
அவள் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து.
அவளுடைய ஏழு இடப்பக்கம் சாயும்,
என்னுடையது சாய மறுத்தது.
பிறகு சிவப்பு மையில் என் கையொப்பம்,
வாரத்துக்கு ஒன்று.

திங்களன்று வந்தவர்கள்
கழிப்பறையைப் பார்த்தார்கள், முட்டைகளை எண்ணினார்கள்,
டீ நன்றாக இருக்கிறது என்றார்கள்.
நோட்டுக் கட்டின் சணல்கூட அவிழவில்லை.

இப்போது அவர்கள் பத்தாம் வகுப்பு.
நானே கணக்கு.
வெள்ளி ஏழாம் பிரிவேளையும் என்னிடம்தான்,
பொதுத்தேர்வு வருகிறதே.
நேற்று நோட்டுத் திருத்தினேன்.
லோகிதாவின் இருபடிச் சமன்பாடுகள்,
எல்லாம் சரி.
வெள்ளிக்கிழமைப் பக்கங்களில் மட்டும்
சரியான தேதி போட்டு, அதன் கீழே
அளவுகோல் வைத்து அடிக்கோடிட்டு,
தலைப்பு: நீதிபோதனை.

கணக்குகளுக்கு டிக் போட்டேன்.
தலைப்புக்கு மேல் சிவப்புப் பேனா
கொஞ்ச நேரம் நின்றது.
பக்கத்தைத் திருப்பினேன்.