கொசுறு

மாவுக்கட்டுப் போட்ட மணிக்கட்டோடு
ஒற்றைக் கையால் நான் போட்ட தேநீரைத்
தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள் செனாயித்:
"இதைக் குடிக்கும் நேரம்
உங்கள் கணக்கிலா, என் கணக்கிலா?"

எட்மன்டன். ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
மில்வுட்ஸ் வரைக்கும் இரண்டு பேருந்து மாறி வந்தவள்
பூட்ஸைக் கழற்றிக் கதவோரம்
தானே கொண்டுவந்த செய்தித்தாளின் மேல் வைத்திருந்தாள்.
உருகிய பனி எங்கள் தரையைத் தொடவில்லை.

விருந்தாளிக்குத் தருவதுதானே தேநீர் என்றேன்.
"நான் விருந்தாளி இல்லையே" என்றாள்,
கோபமில்லாமல்,
முகவரியைத் திருத்துவது போல.

மணிக்கு முப்பத்தைந்து டாலர் என்றாள்.
முப்பது என்றேன்.
ஏன் சொன்னேனென்று தெரியவில்லை.
மருந்துக்கடைக்கு வந்து யாராவது பேரம் பேசினால்
கண்ணாடிக்குப் பின்னால் நின்று சிரிப்பவள் நான்.
வாய் மட்டும் இன்னும் பெரம்பூர் மார்க்கெட்டில் நிற்கிறது.

அவள் பேரம் பேசவில்லை.
பையிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்தாள்.
பேருந்தில் போக வர இரண்டு மணி நேரம்,
அதற்கு யாரும் தருவதில்லை.
கையுறை அவளுடையது. பிரஷ்ஷும் சோப்புத் தண்ணியும் அவளுடையது.
போன வாரம் ஒரு வீட்டில்
கதவைத் தட்டிய பிறகு "இன்று வேண்டாம்" என்றார்கள்;
திரும்பும் பேருந்துக்கு நாற்பது நிமிடம் நின்றாள்.
எதையும் அவள் கூட்டிச் சொல்லவில்லை.
நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள், அவ்வளவுதான்.
நான் கூட்டினேன்.
முப்பத்தைந்தே கூச்சப்பட்டுச் சொன்ன எண்.

மாடியிலிருந்து தணிகைவேல் குரல் கொடுத்தார்:
"எழுதியெல்லாம் எதுக்கு? நம்பிக்கைதானே?"
நம்பிக்கை நமக்குப் போதும், அவங்களுக்குத் தேதி வேணும் என்றேன்.
தமிழ் தெரியாத செனாயித்
காலண்டர் எங்கே என்று கேட்டாள்.

எழுதினாள்.
செவ்வாய், பத்திலிருந்து ஒன்று.
தேநீர் பதினைந்து நிமிடம், என் கணக்கில்.
வேண்டாமென்றால் முந்தின நாள் காலைக்குள் சொல்ல வேண்டும்;
தவறினால் பாதிக் கூலி
(கூலி என்று நினைத்ததை
மனசுக்குள் சம்பளம் என்று திருத்திக்கொண்டேன்).
பேருந்து ஓடாத குளிரில் அவள் வராவிட்டால் கேள்வி இல்லை.
ஏணி ஏற மாட்டாள்.
அவள் வருமுன் நான் வீட்டை ஒதுக்கி வைக்கக் கூடாது.
அதை அவளேதான் சேர்த்தாள்.
"இந்தக் கையோடு வேண்டாம்" என்றாள்.

இடக்கையால் நான் போட்ட கையெழுத்து
செத்த நண்டு மாதிரிக் கிடந்தது.
அப்போதுதான் அது வாயிலிருந்து வழுக்கி விழுந்தது:
அந்த ஃபிரிட்ஜையும் சும்மா ஒரு துடை துடைத்துவிட்டால்...

சும்மா என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னேனோ,
அவள் பேனா நின்றது.
தக்காளி வாங்கினால் கொத்தமல்லி,
கூடவே கறிவேப்பிலை ஒரு கொத்து,
காசு கிடையாது, ஆனால் ஓசியும் இல்லை என்று
கொசுறை விளக்கப் போய் மூச்சு வாங்கினேன்.
அஸ்மாராவின் சந்தையிலும் அது உண்டாம்.
அதற்கு ஒரு சொல்லும் உண்டாம்.
"ஆனால் அதை விற்பவள்தான் சொல்வாள்.
வாங்குபவள் சொன்னால் அது வேறு சொல்."

ஃபிரிட்ஜ், மாதம் ஒருமுறை, இருபது டாலர்
என்று எழுதச் சொன்னேன்.
ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தாள்.
சர்க்கரை போதாது என்றாள்.

மூன்றாவது செவ்வாய்,
கட்டுப் பிரித்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகையில்
மணி ஒன்றரை. அவள் போயிருந்தாள்.
வாசலில், நான் விழுந்த அதே இரண்டாம் படியில்
நீல நிறக் கல்லுப்பு தூவியிருந்தது,
கைப்பிடியோரம் கொஞ்சம் அதிகமாக.
உள்ளே மேசையில் ரசீது.
மூன்று மணி நேரம். ஃபிரிட்ஜ். மொத்தம்.
"உப்புக்கு எவ்வளவு ஆச்சுன்னு கேளேன்" என்றார் தணிகைவேல்.
இன்னொரு தடவை ரசீதைப் பார்த்தேன்.
அதில் உப்பு இல்லை.

கேட்கவில்லை.
அடுத்த செவ்வாய்க்குள்
சர்க்கரை வாங்கி வைக்க வேண்டும்.