வியாழன் காலை ஆறு மணி

சொரியானோ தேனீ வளர்ப்போர் சங்கத்தில்
நூற்று நாற்பத்தியொரு மின்னஞ்சல் முகவரிகள் என் பொறுப்பு.
சம்பளம் கிடையாது.
வருடத்துக்கு இரண்டு வாளித் தேன்.

நவம்பரில் எழுதினேன்:
அவசரம்!!! உடனே திறக்கவும்!!!
எல்லாம் பெரிய எழுத்து, பாதி சிவப்பில்.
பெரால்ட்டாவின் சோயா வயலில் விமானம் மருந்து தெளிக்கிறது,
முந்தைய இரவே பெட்டிகளை மூடுங்கள்.
எல்லாரையும் ஒரே மூச்சில் கோத்து அனுப்பிவிட்டு
மாத்தே உறிஞ்சினேன்
கடமை முடிந்தவளாக.

வெள்ளிக்கிழமை ஒடிலியோ வந்தார்.
பிஸ்கட் டப்பா ஒன்றை மேசையில் வைத்துத் திறந்தார்.
இரண்டு கைப்பிடித் தேனீக்கள்,
அத்தனையும் நாக்கை நீட்டியபடி.

"எனக்கு எதுவும் வரலையே, நெலிதா."

அவர் கைபேசியை வாங்கித் துழாவினேன்.
ஸ்பேமில் கிடந்தது என் கடிதம்:
மேலே லாட்டரிப் பரிசு,
கீழே ஆண்மை மாத்திரை,
பக்கத்தில், சொத்தைப் பங்குபோட ஆள் தேடும்
ஏதோ வங்கிக்காரன் விதவை.
நடுவில் என் பெயர்.

மெர்சிதெஸில் கைபேசிக் கடை வைத்திருக்கும் யமிலா
படித்துப் பார்த்துச் சிரிக்கவில்லை.
"இது கத்துது சென்யோரா.
கத்துறவங்களை மெஷின் நம்பாது."
எங்கோ போய் மூன்று வரி சேர்த்தாள்,
கடிதம் சங்கத்திலிருந்துதான் வருகிறது என்பதற்குச் சாட்சிக் கையெழுத்தாம்.
பிறகு சொன்னாள்:
"செத்தவங்களுக்கு எழுதுறதை நிறுத்துங்க.
திரும்பி வர்ற ஒவ்வொரு கடிதமும் உங்க பேரைக் கெடுக்குது."

பதினொரு பேர்.
பத்துப் பேரை அன்றே நீக்கினேன்.
எர்மினியோவை நீக்க
ஞாயிறுவரை ஆனது.
அவர் பெட்டிகளுக்கும் சேர்த்துத்தான்
இன்னமும் புகை போடுகிறேன்.

எனக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.
கூட்டு வாசலில் காவல் தேனீ நிற்கிறது.
அயல் கூட்டுக்காரி படபடத்து வந்தால் கொட்டி உருட்டிவிடும்.
அவளே வயிறு நிறையத் தேனோடு
நிதானமாக வந்து இறங்கினால்
மோந்து பார்த்துவிட்டு வழிவிடும்.

ஆகவே ஜனவரியில்:
வியாழன் காலை ஆறு மணி.
பெரால்ட்டா வயல். தெற்குக் காற்று.
பெட்டிகளை மூடிவிட்டு ஒரு சொல் பதில் போடுங்கள்.
நெலிதா.

பதில்கள் வந்தன.
சரி.
ஆகட்டும்.
மழை உண்டா?
தேன் வடிக்கும் இயந்திரம் என்ன ஆச்சு?
இரவு பதினொன்றுவரை எண்ணினேன்.
ஒடிலியோ மட்டும் இல்லை.
தொலைபேசியையும் எடுக்கவில்லை.

முப்பது கிலோமீட்டர், மண் பாதை.
வண்டி விளக்கைத் திருப்பியதும்
நாற்பது பெட்டிகள் தெரிந்தன,
நாற்பதின் மேலும் ஈரச் சாக்கு.
நாய் குரைத்தது. வீட்டில் விளக்கு எரியவில்லை.
எழுப்பாமல் திரும்பினேன்.

ஆறு மணிக்கு விமானச் சத்தம் கேட்டது.
அப்போதுதான் தோன்றி
என் ஸ்பேமைத் திறந்தேன்.

நேற்று மாலை ஏழு ஐந்து.
தலைப்பு இல்லை, கையெழுத்து இல்லை,
ஒரே சொல்:
மூடியாச்சு.